கையும் ஓடாது, காலும் ஓடாது

சினிமாவுல ஆபத்து வந்தா எல்லாரும் கத்திக்கிட்டே ஓடுவாங்க. நிஜத்துல அப்படி ஓடுறவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க நின்ன இடத்துலயே நிப்பாங்க, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க, "ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லிட்டு விட்ட வேலையைத் தொடருவாங்க. கேஸ் நாத்தம் மூக்கைத் துளைக்கும்போதும் "இந்தக் குழம்பு ஒரு கொதி வந்துடட்டும்"னு நிக்கிற பெண்களை எனக்குத் தெரியும். (கேஸ் நாத்தம் வந்தா ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க. லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியில போய் நின்னு 1906-க்குப் போன் பண்ணுங்க. குழம்பை அப்புறம் பார்த்துக்கலாம்.)

அதனால "பதறாதீங்க தங்கச்சிகளா"ன்னு சொல்றதுக்காக நான் உக்காரல. நான் பார்த்த வரைக்கும், பதறிக் கெட்டவங்களைவிட, பதற வேண்டிய நேரத்துல பதறாம உக்காந்திருந்து கெட்டவங்கதான் அதிகம். அந்த முதல் கொஞ்ச நேரத்துல மூளை நமக்கு ஒத்துழைக்காது. அதுக்கு வேண்டியதை முன்கூட்டியே யோசிச்சு வெச்சிருக்கணும். இன்னிக்கு அதைப் பத்திதான்.

முதல்ல, எதை நெருக்கடின்னு சொல்றோம்? ஜெரால்ட் கேப்லான்னு ஒரு மனநல மருத்துவர், அமெரிக்காவுல ஹார்வர்டுல இருந்தவர். 1960-கள்ல அவர் ஒரு விளக்கம் கொடுத்தார். பிரச்சினை எவ்வளவு பெருசுங்கிறதை அவர் கணக்குல எடுத்துக்கல. வழக்கமா நாம சமாளிக்கிற வழி எல்லாத்தையும் போட்டுப் பார்த்தும் எதுவும் வேலை செய்யாமப் போகுதே, அந்த நிலைமைக்குத்தான் நெருக்கடின்னு பேர் வெச்சார். கரண்ட் போனா உங்க வீட்டுல விசிறியை எடுப்பீங்க, மொட்டை மாடிக்குப் போவீங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி ஆக்ஸிஜன் மெஷின்ல இருந்தா, அதே கரண்ட் கட் அவங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மருமக அழறான்னா "இதுக்குப் போயா அழறே?"ன்னு கேக்கிறோமே, அந்தக் கேள்வியே தப்பு. நமக்குக் கைவசம் இருக்கிற வழி அவளுக்கு இல்லாம இருக்கலாம். "இதுக்கு முன்னாடி இப்படி வந்தப்போ என்ன பண்ணினே? இந்தத் தடவை அது ஏன் முடியல?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதி விஷயம் அந்தப் பதில்லயே வந்துடும்.

இனிமே சொல்லப்போறது வீட்டுல எழுதி ஒட்டி வைக்கிற விஷயங்கள்.

கோட்டை முன்னாடியே போட்டு வைங்க

2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை சென்னைக்காரங்க யாரும் மறக்க முடியாது. தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரைக்கும் தண்ணி திறந்தாங்க. அடையாறு ஓரம் முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு எல்லா இடத்துலயும் வீட்டுக்குள்ள தண்ணி. அன்னிக்கு சாயங்காலம் தரைத்தள வீடுகள்ல இருந்தவங்க என்ன பண்ணினாங்கன்னு கேட்டுப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வாங்க. "நம்ம தெருவுக்கு இத்தனை வருஷத்துல வந்ததே இல்ல." வாசப்படியைத் தாண்டினதும் ஃப்ரிட்ஜுக்கு அடியில ரெண்டு செங்கல் வெச்சாங்க. முட்டிக்கு வந்ததும் மெத்தையை மேல தூக்கினாங்க. இடுப்பளவு வந்த பிறகுதான் பீரோவுல இருக்கிற பத்திரமும் பிள்ளைங்க மார்க்‌ஷீட்டும் ஞாபகம் வந்துச்சு. அவங்க முட்டாள் இல்லம்மா. தண்ணி அங்குலம் அங்குலமா ஏறினா, ஒவ்வொரு அங்குலத்துக்கும் மனசு "இதோட நின்னுடும்"னு சமாதானம் சொல்லும். எல்லா மனசும் அப்படித்தான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை இருக்கு. 2004 சுனாமியில நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. நிலநடுக்கம் வந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்துல, சுமத்ரா கரையோரம், சிமியுலுன்னு ஒரு தீவு. கிட்டத்தட்ட 78,000 பேர் வாழ்ற இடம். அங்க செத்தவங்க ஏழே ஏழு பேர். 1907-ல ஒரு சுனாமி அந்தத் தீவை அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. அதுல இருந்து பாட்டிகள் பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க: நிலம் பலமா ஆடினா, கடல் உள்வாங்கினா, நிக்காதே, மலைக்கு ஓடு. 'ஸ்மோங்'னு அதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க. அன்னிக்குக் காலைல அந்த ஒரு சொல்லைக் கத்தினது போதும், ஊரே மேல ஏறிடுச்சு. அலை வருமா வராதான்னு அங்க யாரும் உக்காந்து விவாதிக்கல. முடிவை அவங்க பாட்டன் காலத்துலயே எடுத்தாச்சு.

நம்ம வீட்டுக்கும் அப்படி ரெண்டு மூணு முடிவு வேணும். சாவகாசமா இருக்கிற ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசுங்க. "தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மேடையைத் தண்ணி தொட்டா மெயின் சுவிட்சை அணைச்சுட்டு மேல் மாடிக்குப் போயிடணும்." அவ்வளவுதான். அன்னிக்கு வந்து "இன்னும் கொஞ்சம் பார்ப்போமே"ன்னு யாரும் சொல்லக் கூடாது.

உடம்பு விஷயத்துல இது இன்னும் முக்கியம். நம்ம ஊர்ல நெஞ்சு வலிக்கு இன்னொரு பேர் 'வாயு'. சோடா வாங்கிக் கொடுப்பாங்க, இஞ்சி தட்டிப் போடுவாங்க, முதுகை நீவி விடுவாங்க, விடியட்டும்பாங்க. அப்பா நெஞ்சுல அழுத்தம்னு சொல்லி, வேர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினா அது வாயுவான்னு தீர்மானிக்கிறது நம்ம வேலை இல்ல. உடனே 108. பெண்களுக்கு வலியே பெருசா இல்லாம மூச்சு வாங்கலாம், குமட்டலாம், முதுகு வலிக்கலாம், காரணமே இல்லாம அடிச்சுப் போட்ட களைப்பு வரலாம். அம்மாக்கள் அதையும் மறைச்சுக்கிட்டு இட்லி ஊத்துவாங்க, அதனால அவங்க விஷயத்துல நாமதான் கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும். பக்கவாதத்துக்கு மூணு சோதனை. சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஒண்ணு கீழ இறங்குதா? ஒரு வரி பேசச் சொல்லுங்க, குழறுதா? ஒண்ணு இருந்தாலும் கிளம்புங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. அதனால கடைசியா அவங்க நல்லா இருந்தது எத்தனை மணிக்குன்னு கைல எழுதிக்கிட்டுப் போங்க. டாக்டர் முதல்ல கேக்கிறதே அதுதான்.

"யாராவது"ன்னு கூப்பிடாதீங்க

1968-ல லடானே, டார்லின்னு ரெண்டு பேராசிரியர்கள் நியூயார்க்ல ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு மாணவரை அறையில உக்கார வெச்சு ஏதோ படிவத்தை நிரப்பச் சொல்லிட்டு, சுவர் ஓட்டை வழியா புகையை விட்டாங்க. தனியா இருந்தவங்கள்ல நாலுல மூணு பேர் எழுந்து போய்ச் சொல்லிட்டாங்க. அடுத்து, கூட ரெண்டு பேரை உக்கார வெச்சு, புகை வந்தாலும் கண்டுக்காம எழுதிக்கிட்டே இருக்கணும்னு அவங்களுக்கு ரகசியமா சொல்லி வெச்சாங்க. இப்ப எழுந்து போனது பத்துல ஒருத்தர்தான். மத்தவங்க இருமிக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டு, படிவத்தை நிரப்பிக்கிட்டே இருந்தாங்க! அடுத்தவர் சும்மா இருக்காரேன்னு நாம சும்மா இருக்கோம். நாம சும்மா இருக்கிறதைப் பார்த்து அவர் சும்மா இருக்கார்.

ரோட்டுல ஒருத்தர் விழுந்து கிடந்து, சுத்தி முப்பது பேர் நின்னாலும் இதுதான் நடக்குது. அவங்களுக்கு ஈரமே இல்லன்னு திட்டிப் பிரயோஜனம் இல்ல. "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க"ன்னு கத்தினா முப்பது பேரும் அந்த 'யாராவது' வேற ஆள்னு நினைச்சுக்குவாங்க. ஆளைக் கை காட்டிச் சொல்லுங்க. "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க. தம்பி, ஹெல்மெட் வெச்சிருக்கியே, நீ வண்டியை எல்லாம் ஓரமா திருப்பி விடு. அக்கா, அந்தத் துப்பட்டாவைக் கொடுங்க." பேர் தெரியலன்னாலும் சட்டை கலர் தெரியுமே. வேலை கைக்கு வந்ததும் அந்த அண்ணா ஓடுற ஓட்டத்தைப் பாருங்க. அவர் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருந்ததே ஒருத்தர் சொல்றதுக்குத்தான்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்"ங்கிற பயமும் இப்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல சேர்த்த 134ஏ பிரிவுப்படி, நல்லெண்ணத்தோட உதவி பண்ணினவங்க மேல வழக்குப் போட முடியாது. பேர், முகவரி சொல்லணும்னு கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு. சாலை விபத்துல அடிபட்டவருக்கு, திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு பண்ணும். தனியார் ஆஸ்பத்திரிகளும் அதுல உண்டு. "யார் பணம் கட்டுவாங்க?"ன்னு கூட்டத்துல ஒரு குரல் வரும், கண்டிப்பா வரும். அதுக்குப் பதில் இது.

கதவுக்குப் பின்னால ஒரு தாள்

பயம் வந்தா உடம்பு ரத்தத்தை எல்லாம் பெரிய தசைகளுக்கு அனுப்பிடும். ஓட, அடிக்க, தூக்க வசதியா. சின்ன விரல் வேலைதான் அப்ப போச்சு. பின் நம்பர் மறக்கும், சாவி துவாரத்துல நுழையாது, போன்ல 'அண்ணன்'னு தேடினா 'அண்ணாச்சி கடை' வரும். அதனால நம்பரை எல்லாம் பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி வாசக்கதவுக்குப் பின்னால ஒட்டுங்க. 108 ஆம்புலன்ஸ், 112 எல்லா அவசரத்துக்கும், 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு. அதோட ரெண்டு பக்கத்து வீட்டு நம்பர்.

அந்தத் தாள்ல நம்ம வீட்டு முகவரியையும் எழுதுங்க. சிரிக்காதீங்க. 108-ல கேக்கும்போது சொந்தத் தெருப் பேர் தொண்டையில நிக்கும். பக்கத்துல இருக்கிற கோயிலோ ரேஷன் கடையோ, அடையாளமும் ஒரு வரி. போன் பண்ணினதும் முதல்ல இடம், அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் உங்க நம்பர். நம்மள்ல பலர் "சார், காலைலகூட நல்லாத்தான் சார் இருந்தாரு"ன்னு ஆரம்பிப்போம். அந்தக் கதைக்கு நடுவுல சிக்னல் போனா வண்டி எங்க வரும்?

வீட்டுப் பெரியவங்க போன் லாக் நம்பர் இன்னொருத்தருக்காவது தெரியணும். அவங்க சாப்பிடுற மாத்திரை அட்டையை ஒரு போட்டோ எடுத்து வைங்க. பத்திரம், பாஸ்புக், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஜிப் வெச்ச ஒரே பிளாஸ்டிக் கவர்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே இடத்துல இருக்கட்டும். மூச்சுப் பயிற்சி பத்திக் கேப்பீங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். மூச்சை உள்ள இழுக்கிறதைவிட வெளியில விடுறதை நிதானமா, நீளமா விடுங்க. நாலு தடவை போதும், குரல் திரும்ப வந்துடும்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி

வீட்டுல ஒரு பெரிய காரியம் நடந்தா ஆளுங்களைக் கவனிங்க. ஒருத்தர் கத்துவார், "அன்னிக்கே சொன்னேன், யார் கேட்டா"ன்னு. ஒருத்தர் சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்துடுவார். ஒரு அத்தை வந்ததும் வராததுமா பாத்திரம் தேய்ச்சு, எல்லாருக்கும் காபி போட்டு, யாரோட பிள்ளையையோ தூங்க வைப்பாங்க. ஒருத்தர் சம்பந்தமே இல்லாம சிரிப்பார். ஊர் இதுக்கெல்லாம் மார்க் போடும். அழாதவளைக் "கல்நெஞ்சுக்காரி"ம்பாங்க. சிரிச்சவரை வருஷக்கணக்கா மறக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா இந்த மார்க் போடுற பழக்கம் அந்தச் சாவைவிடக் கொடுமை. எல்லாமே ஒரே அதிர்ச்சிதான், ஆளுக்கு ஆள் வெளியில வர்ற வழி வேற.

காபி போடுற அத்தைக்கு ஆராய்ச்சியே துணைக்கு இருக்கு. ஆபத்துன்னா சண்டை போடுறது இல்லன்னா ஓடுறதுன்னுதான் ரொம்பக் காலமா புத்தகங்கள்ல எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2000-ல ஷெல்லி டெய்லர்ங்கிற கலிஃபோர்னியா உளவியல் பேராசிரியை, தன் குழுவோட சேர்ந்து இன்னொண்ணும் இருக்குன்னு எழுதினாங்க. பிள்ளைங்களை அணைச்சுக்கிறது, நாலு பேரைச் சேர்த்துக்கிறது, குறிப்பா பெண்கள்கிட்ட. நம்ம அத்தைகளுக்கு இது பழைய செய்தி.

கத்துறவர்கிட்ட "கத்தாதீங்க"ன்னு சொன்னா இன்னும் கத்துவார். ஒரு வேலையைக் கொடுங்க: "மாமா, வண்டி வருதான்னு தெருமுனைல நின்னு பாருங்க." உறைஞ்சு போனவங்ககிட்ட நீளமா பேசாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நேரத்துல ஒரே ஒரு வாக்கியம். "லதா, எழுந்திரு." "செருப்பைப் போடு." அது போதும். குழந்தைங்ககிட்ட "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்"னு சொல்ல வேண்டாம். அவங்க நம்ம முகத்தைப் பார்த்தே பாதியைத் தெரிஞ்சுக்குவாங்க, மீதியைக் கற்பனை பண்ணிக்குவாங்க. அந்தக் கற்பனை உண்மையைவிட மோசமா இருக்கும். சின்னதா, உண்மையைச் சொல்லுங்க. ராத்திரி யார் கூடப் படுக்கணும், நாளைக்கு யார் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அவங்களுக்கு முக்கியமே அதுதான்.

பொய்யா ஒரு நெருக்கடி

இவ்வளவு நேரம் நான் சொன்ன இந்தத் திகைப்பை நல்லாப் படிச்சு வெச்சிருக்கிறவங்க திருடங்க. "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப் பொருள் இருக்கு, நாங்க சிபிஐ, வீடியோ காலை அணைக்கக் கூடாது, யார்கிட்டயும் பேசக் கூடாது, உடனே பணத்தை மாத்துங்க." இதுக்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு பேர். படிச்சவங்க, ரிட்டயர் ஆன அதிகாரிங்க எல்லாம் லட்சக்கணக்குல இழந்திருக்காங்க. எப்படி ஏமாந்தாங்கன்னு கேக்காதீங்க. யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது, பக்கத்துல இன்னொரு ஆள் இருக்கக் கூடாது, இந்த ரெண்டை மட்டும் அவன் பார்த்துக்கிறான். நம்ம சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே மன் கீ பாத்ல இதைப் பத்தி எச்சரிச்சார்.

நிஜ நெருக்கடியில நாலு பேரைக் கூப்பிடுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒருத்தன் சொன்னா அங்கேயே அவன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. போனை வெச்சுட்டு சத்தமா வீட்டுல இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க. பணம் போயிருந்தா அழுதுக்கிட்டு ராத்திரியைப் போக்காதீங்க, அந்த நிமிஷமே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நம்ம அப்பா, அம்மாவுக்கு இன்னொண்ணும் சொல்லி வைங்க: "ஏமாந்தாலும் திட்ட மாட்டேன், முதல்ல என்கிட்ட சொல்லுங்க." திட்டுவோமோன்னு பயந்தே அவங்க மறைக்கிறாங்க.

அதுக்கப்புறம்

நெருக்கடியோட உச்சம் பெரும்பாலும் நாலுல இருந்து ஆறு வாரத்துல அடங்கிடும்னு கேப்லான் சொன்னார். அடங்கும்னா துக்கம் போயிடும்னு அர்த்தம் இல்ல. சமாளிக்க ஏதோ ஒரு புது வழி அதுக்குள்ள அமைஞ்சுடும், அது நல்லதாவும் இருக்கலாம், குடி மாதிரி கெட்டதாவும் இருக்கலாம். அந்த ஆறு வாரத்துல வீட்டை விக்காதீங்க, வேலையை விடாதீங்க, யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீங்க. "இப்பவே முடிச்சுடலாம்"னு பத்திரத்தோட வர்ற சொந்தக்காரரை ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க.

ஆறுதல் சொல்லப் போறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-ல ஒரு கையேடு போட்டுச்சு. அதோட சாரம் மூணு வேலை: பார், கேள், தேவையானதோட சேர்த்து விடு. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாதுன்னும் அதுல இருக்கு. நம்ம வீடுகள்ல நேர்மாறா, வர்ற ஒவ்வொருத்தரும் "எப்படிம்மா ஆச்சு?"ன்னு கேக்க, பறிகொடுத்தவ முப்பதாவது தடவையா முதல்ல இருந்து சொல்லுவா. அதுக்குன்னு ஒரு சித்தப்பாவையோ அண்ணனையோ வாசல்லயே உக்கார வைங்க. கேக்கிறவங்களுக்கு அவர் சொல்லட்டும். சாவு வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, சாப்பாடு வெளியில இருந்துதான் வரணும்னு வெச்சாங்களே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க. ராத்திரி தூக்கம் வராம, சாப்பிடாம, வாழ்ந்து என்னன்னு பேச்சு வந்தா 14416-க்குப் போன் பண்ணலாம். டெலி மானஸ்னு அரசு நடத்துற மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் ஷாமியானாவைப் பிரிச்சுடுவாங்க, சொந்தமும் பஸ் ஏறிடும். அவளுக்கு நிஜமா ஆள் வேண்டியது அதுக்கப்புறம்தான். மூணாவது வாரம் போங்க. "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னா அவ சொல்ல மாட்டா. இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணியாச்சான்னு கேளுங்க. இல்லன்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க. சான்றிதழ்ல பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு சரிபார்த்து, ஒரு பத்து நகல் எடுத்து வைங்க. பேங்க், எல்.ஐ.சி, கேஸ் கனெக்‌ஷன், ஈ.பி., ரேஷன் கார்டுன்னு எல்லா இடத்துலயும் ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க. பேங்குக்குப் போற அன்னிக்கு நீங்களும் லீவு போட்டுட்டுக் கூடப் போங்க.